பஸ்ரியனின் தொட்டி

அந்த வாரத்தின் மூன்றாவது தண்ணீர்ப் பவுசர் லொறியும் பக்கத்து வளவில் பஸ்ரியன் வீட்டு வாசலில் வந்து நின்றது.

தன் கிணற்றடியில் இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த மார்த்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடி மாதம். கடலோர வங்காலையில் அந்த ஒழுங்கைக் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. சனம் குடத்தோடு அலைய, கனடாவிலிருந்து திரும்பி வந்த துரைக்குப் பின்வளவில் நீச்சல் குளம் கேட்கிறது. மார்த்தா அதைக் குளம் என்று சொல்வதில்லை. தொட்டி என்றுதான் சொல்லுவாள்.

அந்தத் துரை பஸ்ரியன் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அப்பாவின் காணியைப் பிரித்ததில் வந்த கோபம், ஒன்பது வருசமாகப் பேச்சில்லை. "அவன்ர வீட்டுத் தண்ணி என்ர தொண்டையில இறங்காது" என்று கோயில் வாசலில் ஊரறியச் சொன்னவள் அவள். அவன் மகளின் கலியாணத்தன்றும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில்தான் இருந்தாள். வீம்புக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்தில்லை.

அவளுக்குத் தைரியம் அவள் கிணறு. முன்பெல்லாம் ஆடி வந்தால் அவளும் குடத்தோடு அலைந்தவள்தான். இந்த இரண்டு வருசமாக ஊரே கரிக்கும்போதும் அவள் கிணறு மட்டும் இனிக்கிறது. அந்தோனியார் தன்னைக் கைவிடவில்லை என்று போவோர் வருவோருக்கெல்லாம் சொல்லுவாள். அந்தத் தண்ணீரில் குழைத்த இடியப்பம்தான் விடியவே நாலு கடைக்குப் போகிறது. அவளுடைய சீவியமே அதுதான். ஒழுங்கைச் சனமும் குடிக்க அள்ளுவது அவளிடம்தான்.

குளத்து மோட்டர் பார்க்க உப்புக்குளம் ஊரிலிருந்து வருகிற சனூனை அன்று வேலியால் கூப்பிட்டு விசாரித்தாள். அவனும் ஒளிக்காமல் சொன்னான். கடற்காற்று மோட்டரை அரித்துத் தின்கிறதாம், வருசத்துக்கு ஒன்று மாற்ற வேண்டுமாம். தண்ணீரில் போடுகிற மருந்து கொழும்பிலிருந்து வரவேண்டும். கரண்ட் பில்லைக் கேட்டால் தலை சுற்றும். பேரப்பிள்ளைகள் வந்து குளிப்பதோ வருசத்தில் இரண்டு கிழமை.

"ஆனையைக் கட்டித் தீனி போடுற வேலை அக்கா."

"சரி, மாசாமாசம் தண்ணி மாத்தத்தான் வேணுமோ?"

சனூன் தலையைச் சொறிந்தான். "தேவையில்லை. வடிச்சு மருந்து போட்டா ஒரே தண்ணி வருசக்கணக்கில கிடக்கும். இவர்தான் மாசம் ஒருக்காப் பாதியை இறைச்சு வளவில வெட்டின குழிக்குள்ள விடச் சொல்லுறார்."

நல்ல தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி மண்ணுக்குள் ஊற்றுகிறான். மார்த்தாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அன்று பின்னேரமே வீடு வீடாக ஏறி இறங்கினாள். தொட்டியை மூடச் சொல்லிக் கிராம சேவகருக்கு எழுதிய கடிதத்தில் இருபத்திமூன்று பேர் கையெழுத்து வைத்தார்கள்.

கிராம சேவகர் வந்தார். மார்த்தா அவருக்குப் பின்னால் போய்த் தம்பியின் கேற்றுக்கு வெளியே நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

பஸ்ரியன் கடிதத்தை ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசித்தான். "மாரி தொடங்குமட்டும் விடுங்கோ சேர். பிறகு நானே மூடுறன்."

"ஒரு நாளும் ஏலாது எண்டு சொல்லுங்கோ சேர்" என்றாள் மார்த்தா, தம்பியைப் பாராமல்.

அவன் கடிதத்தை மடித்துக் கிராம சேவகரிடம் நீட்டினான். "சரி. அக்கா சொன்னபடியே நடக்கட்டும்" என்று மோட்டரை நிறுத்தப் போனான்.

அன்று மார்த்தா அந்தோனியாருக்கு இரண்டு மெழுகுதிரி கொளுத்தினாள். பவுசர் சத்தம் இல்லாத ஒழுங்கை அவளுக்குச் சொர்க்கமாக இருந்தது. அந்தச் சொர்க்கம் ஐந்து கிழமைதான்.

முதலில் ஒரு கடையிலிருந்து இடியப்பம் திரும்பி வந்தது. மாவில் உப்புக் கூடிவிட்டதென்று நினைத்தாள். அடுத்த நாள் உப்பே போடவில்லை, மூன்று கடையிலிருந்து திரும்பி வந்தது. கையெழுத்து வைத்த சனம் அள்ளிய தண்ணீரைக் கிணற்றடியிலேயே துப்பிவிட்டு வெறுங்குடத்தோடு போனது. கிணறு உப்பாகிவிட்டது. நாலு கடையும் இனி வேண்டாம் என்று சொன்ன அன்று மார்த்தா அழுதே விட்டாள். பிறகு சனூனுக்குப் போன் பண்ணி, தன் கிணற்று மோட்டரோ குழாயோ எதுவோ பழுது, வந்து பார் என்று கூப்பிட்டாள்.

சனூன் ஒரு வாய் குடித்துத் துப்பினான். மோட்டரைத் தொடவேயில்லை. கிணற்றிலிருந்து வேலிவரைக்கும் காலடியால் அளந்து நடந்தான்.

"மோட்டரில பழுதில்லை அக்கா. வேலிக்கு அங்கால அந்தக் குழி, உங்கட கிணத்தில இருந்து ஆறு காலடிதான். மணல் தரை. அங்க விட்ட நல்ல தண்ணிதான் ரெண்டு வருசமா இஞ்ச ஊறினது. மருந்து மணம் வரக்கூடாதெண்டு பத்து நாள் வெயில்ல காய விட்டுத்தான் இறைக்கச் சொல்லுவார்."

மார்த்தா கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டாள். காலையும் மாலையும் குடித்த தண்ணீர், விருந்தாளிக்குப் பெருமையாகக் கொடுத்த தண்ணீர் எல்லாம் நினைவுக்கு வந்தது.

"இதை ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வெளிக்கிட்டனான். அவர்தான் வாயைத் திறக்கக் கூடாதெண்டவர். தெரிஞ்சா நீங்கள் குடிக்கமாட்டீங்களாம்."

வேலிக்கு அந்தப் பக்கம் பஸ்ரியன் அடி வற்றிய குளத்துக்குள் இறங்கிச் சருகு கூட்டிக்கொண்டிருந்தான். மார்த்தா எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலியடிக்குப் போனாள்.

"டேய் பஸ்ரி," என்றாள், ஒன்பது வருசத்துக்குப் பிறகு. "அடுத்த பவுசர் எப்ப வருது?"