வேருக்கு வேலி

பாம்போடு சண்டை போட்டதும் கீரி ஒரு மூலிகைப் பூண்டின் கசப்பு வேரைத் தேடி மெல்லும். அதில் விஷம் முறியுமா என்பது பண்டிதர்களிடையே இன்னும் தீராத வழக்கு; கீரிகள் பண்டிதர்களைப் படிப்பதில்லை.

அந்தப் பூண்டு முளைத்த ஒரே மேட்டை, தன் உதிர்ந்த முட்களால் வேலி போட்டு முள்ளம்பன்றி வளைத்துக்கொண்டது. வேருக்கு ஒரு கிழங்கு என்று தொடங்கிய விலை, சில நாளில் ஒரு குவியலாக ஏறியது.

"கடிபட்டவன் நின்று கிழங்கு தோண்டுவானா, அண்ணே?" என்றது கீரி.

"கடிபட்டவன்தான் தம்பி பேரம் பேசமாட்டான்."

கட்டுப்படியாகாது என்று கீரி பாம்புச் சண்டையையே விட்டுவிட்டது. பாம்புகளுக்குக் கொண்டாட்டம். ஒரு மழைநாளில், முள்ளம்பன்றியின் குட்டிகள் தூங்கும் வளைக்குள்ளேயே நாகம் ஒன்று புகுந்துவிட்டது.

முள்ளம்பன்றி மூச்சிரைக்க ஓடிவந்தது. "என்ன விலையானாலும் சொல்லு, தம்பி."

"பாம்படிக்க விலையா? எங்கள் குலத்தில் அந்தப் பழக்கம் இல்லையே," என்று எழுந்த கீரி, நேராக வளைக்குள் நுழைந்தது.

மூக்கில் கடியும் வாயில் நாகமுமாக அது வெளியே வந்தபோது, குட்டிகள் பின்னாலேயே வந்தன. மேட்டில் வேலியைக் காணோம். முள்ளம்பன்றி மண்படிந்த முகத்தோடு ஒரு வேரை நீட்டியது.

கீரி நிதானமாக மென்றது.

"இன்றைக்குக் கசப்புக் கொஞ்சம் குறைவு, அண்ணே."