எதிரிக்கு ஒரு டேப்லெட்

"சிவப்புத் தாள்லயே சுத்துங்க. மேல தங்க ரிப்பன். பாத்ததும் அவர் முகம் மலரணும்" என்றாள் சிஹாம். எந்த டேப்லெட் என்று இன்னும் முடிவாகவில்லை.

நவாஃப் சிரித்தான். இர்பித் நகரின் பல்கலைக்கழகத் தெருவில் பதினைந்து வருடமாகக் கடை வைத்திருப்பவன். வந்தவர் முகத்தைப் பார்த்தே சரக்கை எடுப்பான்.

"மாப்பிள்ளைக்கா, தங்கச்சி?"

"எதிரிக்கு."

தாளை எடுக்கப் போன கை நின்றது. சிஹாமின் குரலில் கோபமே இல்லை. கைப்பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

"பொய்யா ஒரு கடுதாசி எழுதிக் குடுத்து என் வேலையைப் பறிச்சவர். எட்டு மாசமா வீடு வீடாப் போய் டியூஷன் எடுக்கிறேன். தெருவுல எதிர்ப்படுறவங்க தலையைத் திருப்பிக்கிறாங்க. அவருக்குத்தான் இது. வெளிய பாத்தா ராஜா மாதிரி இருக்கணும். உள்ள, தினம் தினம் அழ வைக்கணும்."

நவாஃபுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நல்லது கேட்டு வந்தவர்களைத்தான் இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறான். மட்டமானது வேண்டும் என்று கேட்டு வந்தவள் இவள்தான். சிஹாமுடன் வந்திருந்த பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பேருக்கும் வாசனைக்கு மரமியா இலை போட்ட தேநீர் ஊற்றினான்.

"உங்க அப்பாவா?"

"எனக்காகக் கூட வந்திருக்காங்க."

முதலில் ஒன்றை எடுத்து நீட்டினான். சிஹாம் அதைச் சாய்த்துப் பார்த்தாள், வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தாள், விரலால் ஓரங்களைத் தடவினாள்.

"வேணாம். பக்கவாட்டுல பாத்தாலும் எழுத்து தெரியுது, வெயில்லயும் தெரியுது. அவருக்கு எதுக்கு இவ்வளவு சுகம்?"

நவாஃப் விழுந்து விழுந்து சிரித்தான். "தங்கச்சி, நீங்க விவரமான ஆளு! இருங்க, உங்க ஆளுக்குன்னே ஒண்ணு இருக்கு." குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து பளபளப்பான ஒரு பெட்டியை எடுத்து வைத்தான்.

"எட்டு ஜிபி ரேம்னு அட்டையில போட்டிருக்கா? உள்ள ரெண்டுதான். நாலு பக்கம் திறந்தா அஞ்சாவதுக்கு மூச்சு முட்டும்."

"திரை?"

"அதுலதான் விசேஷமே! ஃபுல் எச்டின்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான், அதுல பாதிப் புள்ளி கூட கிடையாது. லேசாச் சாய்ச்சா மனுசன் மூஞ்சியெல்லாம் நீலமாயிடும். ஜன்னலோரம் உக்காந்தா சவரம் பண்ணிக்கலாம், அப்படி ஒரு கண்ணாடி. வெளிச்சத்தைக் குறைச்சா திரை துடிக்கும். அரை மணி நேரம் படிச்சாப் போதும், கண்ணு ரெண்டும் எரியும்."

"தொட்டா?"

"அலிஃப் எழுத்தைத் தொட்டா லாம் எழுத்து விழும். ஓரத்துல தொட்டா ஒண்ணுமே விழாது. பேட்டரி ரெண்டு மணி நேரம். மூணே மாசத்துல சார்ஜர் சொருகுற ஓட்டை ஆட ஆரம்பிச்சிடும்."

அதுவரை வாய் திறக்காத பெரியவர் மெதுவாகக் கேட்டார். "ஏன் தம்பி, இதெல்லாம் புதுசுலயே இருக்கிற குறையா? இல்ல, வச்சிருக்கிறவங்களுக்குக் கையாளத் தெரியாம வர்றதா?"

"பிறவிக் குறை, ஹாஜியார்! பெரிய எஞ்சினியரே வச்சிருந்தாலும் இதே கதிதான்."

"அப்ப இதை யாரு வாங்குறா?"

"ஒண்ணு வாங்குறவன் பத்து கடை ஏறி இறங்குவான், அவன் கிட்ட நடக்காது. மொத்தமா வாங்குற இடத்துல எவன் பெட்டியைத் திறந்து பாக்கிறான்?" என்று கண்ணடித்தான் நவாஃப்.

சிஹாம் பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். "இதையே குடுங்க."

சிவப்புத் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, வாழ்த்து அட்டையையும் பேனாவையும் எடுத்தான். "இப்படிப்பட்ட பாவிக்கு இதுவே பத்தாது, தங்கச்சி. பேர் சொல்லுங்க, என் கையாலயே எழுதுறேன்."

"நவாஃப்."

"அட, என் பேருதான் அவனுக்குமா?"

"கடையும் இதே கடைதான்."

பேனா நின்றது.

"நான் சிஹாம். பெண்கள் பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் டீச்சரா இருந்தவ. எங்களுக்கு முப்பது அனுப்பினீங்களே, இதே பெட்டி. பிள்ளைங்க கண்ணைக் கசக்குதுங்க, இது வேணாம்னு நான் நிர்வாகத்துக்கு எழுதினேன். டேப்லெட்ல குறையில்ல, டீச்சருக்குக் கையாளத் தெரியல, கமிஷன் கேட்டாங்க, குடுக்காததால பழி போடுறாங்கன்னு நீங்க எழுதினீங்க. யாரு என்னன்னு என் முகத்தைக் கூடப் பாக்காம."

நவாஃபின் முகம் செத்துப் போயிற்று. தெருவில் ஒரு டாக்ஸி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது ஓய்வதற்குள் அவன் சுதாரித்துக்கொண்டான். அட்டையைக் கிழித்துக் கூடையில் போட்டான்.

"நான் ஒண்ணும் சொல்லல. சாட்சி யாரு, உங்கப்பாவா? போங்க, போய் ஊரெல்லாம் சொல்லுங்க. உங்க பள்ளிக்கூடத்து முதலாளி தலைநகரத்துல பங்களாவுல இருக்கிற மனுசன். வேலை போன டீச்சர் பேச்சை அவரு காதுல வாங்குவாரா?"

பெரியவர் தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"நல்லாவே வாங்கிட்டேன், தம்பி."