அபராதம் ரத்து

"ஜப்தி பண்ண வந்திருக்கீங்களா?"

கதவைப் பாதி திறந்தபடியே கேட்டார் பெரியவர். வெளியே நின்ற நகராட்சி வரிப் பிரிவுப் பெண் எழுத்தருக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"ஐயோ, இல்லீங்க ஐயா. நல்ல சேதி சொல்லத்தான் வந்தேன். அம்மா இருக்காங்களா? அவங்க கையெழுத்து ஒண்ணு வேணும்."

அவர் வழிவிட்டார். சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அவர் மனைவி வந்து நின்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்த எழுத்தரின் கண் எதிர் அலமாரிக்குப் போனது. ஆறு மாதத்துக்கு ஒன்றாக அலுவலகம் அனுப்பிய வரி நோட்டீஸ்கள், பழுப்பு உறைகளில், ஓரம் மடங்காமல் வரிசையாக நின்றன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

பாவம், பிரித்துப் பார்க்கக்கூடப் பயந்திருக்கிறார்கள். எழுத்தர் பையைத் திறந்து ஆணையை எடுத்தாள்.

"இனிமே பயமே வேண்டாம்மா. தெரு மூலையில உங்க பேர்ல இருந்த அந்த மனையை, பசங்க விளையாட பார்க் கட்டிக்குங்கன்னு பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே நீங்க எழுதிக் கொடுத்தாச்சு. பத்திரம் ஒரு பிரிவுல தூங்கியிருக்கு. எங்க வரிப் புத்தகத்துல பழைய பேரே ஓடிக்கிட்டிருக்கு. ஊருக்குக் கொடுத்த இடத்துக்குப் போய் வரி, அது கட்டலைன்னு அபராதம்! தப்பு முழுக்க எங்க மேலதான்."

மூன்று மாதமாக அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைந்தவள் அவள். 'உனக்குச் சொந்தக்காரங்களா?' என்று மேலாளர்கூடக் கிண்டலடித்தார். ஆணையைத் தபாலில் அனுப்ப மனம் வராமல்தான் நேரில் எடுத்து வந்திருந்தாள்.

"வரி, அபராதம் எல்லாமே ரத்து. ஒரு காசு கட்ட வேண்டாம்."

இரண்டு முகமும் மலரும் என்று காத்திருந்தாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கட்டிடறோமே," என்றார் பெரியவர். "அபராதத்தோடயே கட்டிடறோம். அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

"என்னங்கய்யா, நல்லா இருக்கே! பொது இடத்துக்கு உங்ககிட்ட எப்படி வாங்குறது? புத்தகத்துலேர்ந்து பேரையே எடுத்தாச்சு."

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் திக்குமுக்காடிவிட்டாள் என்று நினைத்த எழுத்தர், குனிந்து ஆணையையும் பேனாவையும் நீட்டினாள்.

"இங்க ஒரு கையெழுத்து மட்டும். எழுத வராட்டி கைநாட்டு போதும்மா."

"எழுத வரும். ஆனா அதுல இருக்கறது என் பேர் இல்லம்மா," என்றாள் அவள். "எங்க பொண்ணு பேரு. சாகறதுக்கு ரெண்டு மாசம் முன்னால, ஆஸ்பத்திரிக் கட்டில்ல சாஞ்சுக்கிட்டுத்தான் அந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா. ஒரே பொண்ணு."

நீட்டிய பேனாவை எப்படித் திரும்ப எடுப்பதென்று எழுத்தருக்குத் தெரியவில்லை.

கெஞ்சுகிற குரலில் கேட்டார் பெரியவர்.

"அப்போ, இனிமே அவ பேருக்குத் தபாலே வராதாம்மா?"