நெஞ்சுல வச்ச சார்ஜர்

உங்க பொண்டாட்டிகிட்ட ஒரு நாளாவது பொய் சொல்லாம இருந்திருக்கீங்களா?

என் நெஞ்சுக்குள்ள ஒரு சின்ன மெஷின் வச்சிருக்காங்க. தினமும் சாயங்காலம் என் வீட்டுக்காரி ஜெல் தடவி, சார்ஜரை நெஞ்சு மேல அழுத்திப் பிடிப்பா. ஒலி அலையில உள்ள சார்ஜ் ஏறும். என் இதயத்துடிப்பு அவ போன்லயும் ஆஸ்பத்திரியிலயும் தெரியும். விசாரணையும் அப்பதான் நடக்கும்.

"கேக் சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

நம்பர் எகிறும்.

"புளுகாதீங்க."

ஒரு நாள் குரலைத் தணிச்சுக் கேட்டா. "என்னைக் கட்டிக்கிட்டதுக்கு வருத்தப்படுறீங்களா?"

"சத்தியமா இல்ல."

நம்பர் அசையவே இல்ல. அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கேக்கை அவளே ஊட்டி விட்டா.

கொஞ்ச நேரத்துல ஆஸ்பத்திரி நர்ஸ் அவளுக்குப் போன் பண்ணாங்க. "ஜெல் தடவாம வச்சீங்களாம்மா? ஒலி உள்ளயே போகல. உங்க போன்ல நிக்கிறது பழைய நம்பர்."

கல்யாணமானதுல இருந்து நான் யோசிக்காம சொன்ன ஒரே நிஜம் அந்த "சத்தியமா இல்ல"தான்.

சாயங்காலம் வரைக்கும் பொறுக்காம, மறுநாள் காலையிலயே ஜெல்லை அள்ளித் தடவி, அதே கேள்வியை மறுபடி கேட்டா. அவ பார்த்த பார்வைக்கே என் துடிப்பு நூத்தி நாப்பது காட்டுச்சு.