கேஷே எறிந்த குவளை

வட ஜெர்மனியின் வரலாற்றை இனிமேல் இரண்டு பாகமாகத்தான் எழுதவேண்டும் என்று ஊர்த்தலைவர் ப்ரூன்ஸ் மேடையில் அறிவித்தார். நானூறு வயதான பண்ணைவீட்டின் மரச்சட்டகம் புது இடத்தில் எழுந்து நின்றதுதான் காரணம். ஓர் ஆணிகூட இல்லாமல் அதைப் பிரித்துக் கோத்தவள் கேஷே. தச்சராக அவள் தனியே எடுத்த முதல் வேலை.

தச்சர்களின் வழக்கப்படி அவள் முகட்டில் நின்று வாழ்த்துச் சொல்லி, குடித்துவிட்டு, கண்ணாடிக் குவளையைக் கீழே எறிந்தாள். அது உடைந்தால் வீடு நிற்கும். உடையாவிட்டால் அந்தத் தச்சரைக் கோழிக்கூடு கட்டக்கூட யாரும் கூப்பிடமாட்டார்கள்.

சத்தமே வரவில்லை.

“எங்கடி போட்ட?” என்று கீழிருந்து கேட்டாள் வீட்டுக்காரி இம்கே. “நான்தான் இதுல குடியிருக்கணும்.”

“அங்கதான் போட்டேன். தலைவர் பேச்சக் கேட்டுத் தூங்கிருச்சோ என்னமோ. இரு, வரேன்.”

ஏணிக்கு இருபத்திரண்டு படி. நாற்பதாவது படியிலும் தரை வரவில்லை. பழைய தச்சர்கள் சட்டங்களில் செதுக்கிய எண்கள் தொண்ணூறோடு முடியும். இப்போது அவளைக் கடந்து மேலே போன சட்டத்தில் நூற்றுப் பதினான்கு என்றிருந்தது. பொருத்துகள் கச்சிதமாக இருந்தன. அறுபதாவது படியருகே குவளை இலைபோல மெல்லச் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. கைநீட்டினால் பிடித்திருக்கலாம். பிடித்துவிட்டால் உடையாது. கேஷே அதை முந்திக்கொண்டு இறங்கி, தரையில் கால்வைத்து, ஒதுங்கி நின்றாள்.

குவளை அவள் காலடியில் விழுந்து உடைந்தது.

“உடைஞ்சிருச்சு,” என்றாள் இம்கே. “அதுக்குள்ள இறங்கிட்டியா?”

ப்ரூன்ஸ் இன்னும் தன் பேச்சின் முதல் பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.