ஒருமனதாக

"தீர்மானம் போட்டது கிராம சபை. அதைக் கிடப்புல போட நீ யாரும்மா?"

வார்டு உறுப்பினர் சக்கரவர்த்தி பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்று கத்தினார். பின்னால் ஊர்க்காரர்கள் சிலர்.

"உள்ள வந்து பேசுங்கண்ணா" என்றாள் தலைவர் ஜோதியம்மாள்.

"உள்ள வந்தா டீ கொடுத்து அனுப்பிடுவ. இங்கேயே சொல்லு. அந்தாளை எப்ப அனுப்பப் போற?"

அந்த ஆள் எதிரே பஸ் நிழற்குடையில், மடியில் ஒரு புதுப் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். மாசி பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த ஆந்திராக் கூட்டம் ஒன்று அவரை அங்கே உட்கார வைத்துவிட்டுப் போனது. திரும்பி வரவில்லை. அவருக்கு ஊர் பேர் சொல்லத் தெரியவில்லை. போலீஸ் விசாரித்தும் யாரும் தேடி வரவில்லை. யார் கூப்பிட்டாலும், "இக்கடே உண்டமன்னாரு" என்பார். இங்கேயே இருக்கச் சொன்னார்களாம்.

நாற்றம் தாங்கவில்லை, பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்க முடியவில்லை என்று மே தினக் கிராம சபையில் பேச்சு எழுந்தது. வண்டியில் ஏற்றி, சித்தூர் தாண்டி எங்காவது இறக்கிவிட்டு வருவது என்று முடிவு. தீர்மானத்தில் அதைக் கௌரவமாக, 'சொந்த மாநிலத்துக்கு அனுப்பி வைத்தல்' என்று எழுதினார்கள்.

"பாவம்ங்க" என்று யாரோ முனகினார்கள்.

"பாவம் பாக்கறவங்க அவங்கவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் சக்கரவர்த்தி.

உடனே எல்லாக் கைகளும் மேலே போயின.

அது நடந்து மாதம் ஒன்றாகிறது. ஆள் நகரவில்லை.

"ஓட்டுப் போட்டு உக்கார வெச்சது நாங்க. ஊர் சொன்னதைச் செய்யத்தான் நீ. உன் யோசனையை யார் கேட்டா?"

"செய்யலாம்ணா."

"எப்போ?"

"பார்க்கலாம்."

"தலைவரம்மா தெலுங்கு கத்துக்கறாங்கப்பா. முடிச்சிட்டு அனுப்புவாங்க" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

சக்கரவர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை வேங்கிக்கால் போய் கலெக்டர்கிட்ட மனு கொடுக்கறோம். உன் பதவி நிக்குதான்னு பாக்கலாம்."

"சரிங்கண்ணா."

மதியம் சாப்பிட உட்கார்ந்த கணவர் ஆதிமூலம் சோற்றைப் பிசைந்தபடியே ஆரம்பித்தார்.

"டீக்கடைல உக்கார முடியல. ஊரே ஒண்ணா கை தூக்கியிருக்கு. நானும்தான் தூக்கினேன். உனக்குப் பிடிச்சாலும் பிடிக்கலைன்னாலும் செஞ்சுதான்டி ஆகணும். அதுக்குத்தான் தலைவர்."

ஜோதியம்மாள் ரசம் ஊற்றினாள்.

"செய்யணும்னு மறுநாளே சக்திவேல்கிட்ட வண்டி கேட்டேன். பின்கதவு வழியா வந்தாரு. வண்டி ரிப்பேர்னு சொல்லிடுங்க, காலைல அந்தாளுக்கு டீ நான்தான் வாங்கித் தரேன், வெளியில தெரிய வேணாம்னாரு."

"சக்திவேலா?"

"அன்னைக்கே ராணியம்மாள் அக்கா வந்தாங்க. ராத்திரி இட்லி அவங்களுது. வேட்டி துவைச்சுத் தர்றது மாறன். இன்னும் யார் யாரோ. எல்லாரும் பின்கதவு வழியாத்தான். எல்லாரும், நான் வந்தேன்னு சொல்லிடாதன்னுதான் சொன்னாங்க. சொன்னா, உன் வீட்ல வெச்சுக்கோன்னு ஊர் சொல்லிடுமாம்."

"சரி, இந்த சக்கரவர்த்தி?"

"மதிய சோறு அவங்க வீட்டுது."

ஆதிமூலத்தின் கை நின்றது. "அப்புறம் ஏன் காலைல அந்தக் கத்து கத்தினான்?"

"நீ அனுப்பிடாதம்மா, திட்டறதை நான் திட்டிக்கறேன்னாரு."

"மனு?"

"கொடுப்பாராம். நான்தான் பதில் சொல்லிக்கணுமாம்."

"பதவி போயிட்டா?"

"போகட்டும். அதுக்குள்ள யாராச்சும் தேடி வந்தா நல்லது."

ஜோதியம்மாள் மோரை எடுத்து வைத்தாள்.

"கை தூக்கினவங்கள்ல இன்னும் வராதது நீங்க ஒருத்தர்தான்."

அவர் எழுந்து கை கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வழியாக வெளியே போனார்.

சற்று நேரத்தில் பின்கதவு தட்டப்பட்டது. திறந்தாள்.

"தலைவரம்மா," என்றார் ஆதிமூலம், தரையைப் பார்த்தபடி. "அந்தப் போர்வை நான் கொடுத்தது. வெளியில தெரிய வேணாம்."