முப்பத்தாறு படம்

“நீயெல்லாம் எதுக்குக் கடை திறந்து வச்சிரிக்காய்?”

சபியா உம்மா போட்ட சத்தத்தில், கல்முனைக் கடைத்தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

புருசன் இறந்தபின் வீட்டோடு இருந்த இத்தா முடிந்து அவள் வெளியே இறங்கிய முதல் நாள் அது. நாலு மாதமும் பத்து நாளும் அலுமாரிக்குள் வைத்திருந்த புருசனுடைய கமராவைத் தூக்கிக்கொண்டு, நேரே அழகரெத்தினத்தின் ஸ்டூடியோவுக்குத்தான் வந்திருந்தாள்.

அழகரெத்தினம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“பிழை என்னிலதான் அக்கா. லைட்டை அணைக்காமக் கமராவைத் திறந்திட்டன். பிலிமில வெளிச்சம் பட்டிட்டு.”

“முப்பத்தாறு படத்திலயும்?”

“ஓம். ஒண்டும் தேறாது.”

எழுபத்தெட்டுச் சூறாவளியில் வீட்டுக் கூரை போனபோது, கலியாணப் படம் முதல் எல்லாமே மழையில் ஊறிக் கூழாகிவிட்டன. பிள்ளை குட்டியும் இல்லை. புருசன் றவூபின் முகம் மிச்சமிருந்தது இந்த ஒரு பிலிமில்தான். நோய் முற்றிய பிறகு, “என்னையும் ஒருக்கா எடன் புள்ள” என்று அவர் ஆசையாய்க் கேட்டு, கிணற்றடிக் கதிரையில் இருத்தி அவள் எடுத்த படங்கள்.

“வந்த உடனே சொன்னனே உனக்கு! அவர்ர கை நடுங்கினதால, அவர் சொல்லச் சொல்ல நான்தான் பிலிமை மாட்டினன் எண்டு. கமராவைத் தொட்டே பழக்கமில்லாத பொம்புள நான். என்னால ஒரு பிழை வரல்ல. இருவது வருசமாக் கடை வச்சிரிக்கிற உனக்கு ஒரு லைட்டை அணைக்கத் தெரியல்லையே!”

அவன் புதுப் பிலிம் ஒன்றை எடுத்து நீட்டினான். அவள் அதைத் தட்டிவிட்டு வந்துவிட்டாள்.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. அந்த வருசம் அவளுடைய தெருவில் நடந்த மூன்று கலியாணத்துக்கும் படமெடுக்க வேறு ஆள்தான் வந்தான். வழியில் அழகரெத்தினத்தைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள்.

வீட்டில் கதைக்க ஆளில்லை. அஸர் தொழுதுவிட்டு, சில நாள் கமராவை எடுத்து அதன் சின்னக் கண்ணாடிக்குள்ளால் பார்ப்பாள். கிணற்றடிக் கதிரை இரண்டாய்த் தெரியும். லென்சின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நகர்ந்து ஒன்றாகும். கதிரையில் ஆள் இருக்காது.

இரண்டு வருசம் போனது. தங்கச்சி மகள் அஸீஸா கைப்பிள்ளையோடு வந்திருந்தாள். பிள்ளையைப் படமெடுக்கச் சபியா உம்மாவுக்கு ஆசை வந்தது. அழகரெத்தினத்தின் கடைக்கு எதிரே புதிதாய்த் திறந்த அபுல் ஹஸனின் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பிலிம் வாங்கினாள்.

“தாங்க ராத்தா, நான் மாட்டித் தாறன்.”

“தேவல்ல தம்பி. எனக்குத் தெரியும்.”

பிலிம் கூட்டை இடப்பக்கம் வைத்தாள். நுனியை இழுத்து வலப்பக்க உருளையில் செருகினாள். மூடியைச் சாத்தி, பிலிம் சுற்றும் பிடியைத் தள்ளினாள். நம்பர் நகர்ந்தது.

“பாத்தியா?”

“கொஞ்சம் பொறுங்க ராத்தா.”

அபுல் ஹஸன் மூடியைத் திறந்து காட்டினான். நுனி உருளையிலிருந்து கழன்று கிடந்தது.

“நுனி பிடிபடல்ல. மூடுறதுக்கு முதல் ஒருக்காச் சுத்திப் பாக்கணும்.”

“நம்பர் ஓடிச்சே தம்பி?”

“நம்பர் ஓடும், பிலிம் ஓடாது. இப்பிடியே விட்டா முப்பத்தாறு தரம் அமத்தினாலும் ஒரு படம் விழாது. பிலிம் கூட்டுக்குள்ளயேதான் கிடக்கும்.”

சபியா உம்மா கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப… வெளிச்சத்தில திறந்தா?”

“திறந்தா என்ன? கூட்டுக்குள்ள கிடக்கிற பிலிமுக்கு ஒண்டும் ஆகாது.”

“நான் அண்டைக்கும் இப்பிடித்தான் மாட்டினன்” என்றாள் அவள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கமராவை அங்கேயே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்தாள். அழகரெத்தினம் கடைக்குள் தனியே இருந்தான். அவளைக் கண்டதும் பதறி எழும்பினான்.

“தம்பி… அந்தப் பிலிம் ஓடவே இல்ல, என்ன? நான்தானே பிழையா மாட்டின?”

அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் இல்லாத தூசியைத் துடைக்கத் தொடங்கினான்.

“ஆர் சொன்னது? நீங்க சரியாத்தான் மாட்டியிருந்தீங்க அக்கா. லைட்டை அணைக்க மறந்தது நான்தான்.”